இழந்ததைத் தேடுக
வேலை இழந்த இல்லறத்தார்க்கு ஒரு தம்ம பாடம்



ஞாயிறு வகுப்பொன்றில், பஞ்சசீலம் ஓதி முடித்தபின், ஓர் இளைஞர் எழுந்து வினா ஒன்று விடுத்தார். "ஐயா, பதினோராண்டு உழைத்த தொழிற்சாலையிலிருந்து என்னை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் நான்கு வயிறு. தியானம் செய்யச் சொன்னீர்கள், செய்கிறேன். கண்ணை மூடினால் வீட்டு வாடகைதான் எதிரில் நிற்கிறது. பகவன் புத்தர் இதற்கு ஏதேனும் சொல்லியிருக்கிறாரா?" என்றார். சிலர் நகைத்தனர். யாம் நகைக்கவில்லை. அவ்வினாவை யாமும் ஒருகாலத்தில் கேட்டுத் திரிந்தவர்களே. ஆதலின் அவருக்கு அன்று சுருங்கச் சொன்னதை ஈண்டு விரித்து எழுதுகின்றோம்.

விதியோ?

ஒருவன் வேலை இழந்தவுடன் அவனைத் தேடி முதலில் வருவது வேறு வேலையன்று. ஆறுதல் கூறுவார் கூட்டமே வரும். "எல்லாம் முன் பிறப்பின் வினை" என்பார் ஒருவர். "கிரகம் சரியில்லை" என்பார் மற்றொருவர். தாயத்தும் பரிகாரமும் விற்போரும் உடன் வருவர். கையிலிருக்கும் கடைசிப் பணமும் இவ்வாறு கழியும்.

பகவன் இக்கொள்கையை ஏற்றாரல்லர். மனிதன் நுகரும் இன்பதுன்பம் அனைத்தும் முன்வினையின் பயனே என்போர் கூற்றை அவர் மறுத்தார். சீவகன் என்னும் பரிவிராசகனுக்கு விடையளிக்கையில், உடற்கூறும் பருவ மாற்றமும் பிறர் செயலும் போன்ற பல காரணங்களால் துன்பம் வருதல் உலகம் கண்ட உண்மையே எனத் தெளிவுபடுத்தினார். இலாபமும் நட்டமும், புகழும் இகழும், போற்றலும் தூற்றலும், இன்பமும் துன்பமும் ஆகிய எட்டும் உலகைச் சுற்றி வருகின்றன என்பது அவர் போதனை. நட்டம் வந்தவன் குற்றவாளி என்று அவர் யாண்டும் கூறவில்லை.

கோலார் தங்கவயலை நோக்குங்கள். நம்மவரின் பாட்டன்மார் வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் சென்று அச்சுரங்கங்களில் இறங்கினர். பண்டித அயோத்திதாசர் 1898ஆம் ஆண்டு நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை தழைத்த மண் அது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் இறுதியில் அச்சுரங்கம் மூடப்பட்டது. தோண்டும் செலவு தங்கத்தின் விலையை மீறி நெடுங்காலம் நட்டம் வந்ததே காரணம். ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரே நாளில் அடுப்பு தளர்ந்தது. அத்தனை வீட்டாரும் ஒரே முன்வினையா செய்திருப்பர்? அன்று. காரணம் கணக்குப் புத்தகத்தில் இருந்தது, கர்மத்தில் இல்லை. காரணம் இதுவெனக் கண்டால் வழியும் காணலாம். இதுவே நான்கு வாய்மைகளின் நெறி.

பாடத்தின் மூலம்

பெருஞ்செல்வம் பெற்ற குடும்பங்கள் நிலைத்து நில்லாமைக்கு நான்கு காரணங்கள் உள என்று அங்குத்தர நிகாயத்தின் நான்காம் தொகுதியில் பகவன் விளக்குகின்றார். இழந்ததைத் தேடாமை ஒன்று. பழுதானதைச் செப்பனிடாமை இரண்டு. உண்பதிலும் குடிப்பதிலும் அளவின்மை மூன்று. ஒழுக்கமற்றவரைக் குடும்பத் தலைமையில் அமர்த்துதல் நான்கு. இவற்றின் மறுதலை நான்கும் குடும்பத்தை நிலைநிறுத்தும்.

"அது செல்வருக்குச் சொன்னது, நமக்கென்ன?" என்று கேட்கலாம். செல்வனுக்கு இவை தவறினால் செல்வம் போகும். கூலிக்காரனுக்குத் தவறினால் குடும்பமே போகும். ஆகவே நமக்கே இப்பாடம் மிகுதியும் உரியது. ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது: இழந்ததைத் தேடுதல்

வேலை இழந்தவன் தான் எதை இழந்தான், எதை இழக்கவில்லை என்று முதலில் பிரித்தறிதல் வேண்டும். இழந்தது மாதச் சம்பளம். இழவாதவை கைத்திறம், உடல் வலி, தோழர், நேரம். இவையன்றி, வரவேண்டிய உரிமைப் பணமும் உண்டு. அதைக் கேளாது விடுதல், இழந்ததைத் தேடாமையாகும்.

பணிக்கொடையை எடுத்துக்கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கணக்கு இது: கடைசி மாதத்தின் அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்குதல் வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இக்கணக்கே தொடர்கின்றது. வினா விடுத்த இளைஞரின் மாதக் கூலி 15,600 ரூபாய். 26ஆல் வகுக்க 600. பதினைந்து நாளைக்கு 9,000. பதினோராண்டுக்கு 99,000 ரூபாய். அவரோ, "கணக்கு முடித்து ஏதோ தருவார்கள்" என்று மட்டும் அறிந்திருந்தார். ஏதோ அன்று, இது அவர் வியர்வையின் கணக்கு. வருங்கால வைப்புநிதியும் இத்தகையதே. அதன் எண்ணையும், பதிவிலுள்ள பெயரும் பிறந்த நாளும் ஆதார் அட்டையோடு ஒத்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்க. ஓரெழுத்துப் பிழையால் மாதக்கணக்கில் அலைந்தோர் நம்மிற் பலர். பத்தாண்டு பணி நிறைந்தோர்க்கு 58ஆம் வயதில் மாத ஓய்வூதிய உரிமையும் உண்டு. பழைய சம்பளச் சீட்டுகளையும் நியமனக் கடிதத்தையும் காகிதம் என்று எண்ணி அடுப்பிலிடாதீர்.

இனித் தேடுதலின் இரண்டாம் பகுதி, புது வருவாயைத் தேடுதல். இதற்குச் சாதகக் கதைகளில் நான்காவதாகிய சுள்ளசெட்டி சாதகத்தை நினைவுகூர்வோம். காசியில் ஒரு பெருவணிகர், வழியிற் கிடந்த செத்த எலியைக் கண்டு, "அறிவுள்ள இளைஞன் இதனைக் கொண்டே பிழைக்கத் தொடங்கலாம்" என்று கூறிச் சென்றார். அதைக் கேட்ட ஏழை இளைஞன் ஒருவன் அவ்வெலியை எடுத்துப் பூனைக்கு இரையாக ஒரு சிறு காசுக்கு விற்றான். அக்காசுக்கு வெல்லம் வாங்கி, ஒரு குடம் நீரும் சுமந்து, காட்டிலிருந்து களைத்து வரும் பூப்பறிப்போர்க்கு அளித்தான். அவர்கள் கைப்பூவைத் தந்தனர். பூவை விற்றுப் பொருள் சேர்த்தான். புயலில் அரசன் சோலையில் கிளைகள் முறிந்து குவிந்தபோது, விளையாடும் சிறுவர்க்கு வெல்லம் கொடுத்து அவற்றை அகற்றுவித்தான். குயவனுக்கு விறகாக விற்றான். பின்னர் புல்லறுப்போர் ஐந்நூற்றுவர்க்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தான். இவ்வாறே படிப்படியாகப் பெருவணிகனானான். தனக்கு வழிகாட்டிய சொல்லுக்கு உரியவரைத் தேடிச் சென்று நன்றி செலுத்தினான்.

இக்கதையைக் கேட்போர் எலியையே நினைவில் கொள்கின்றனர். யாம் தண்ணீர்க்குடத்தை நினைவில் கொள்ளச் சொல்லுகின்றோம். அவன் ஒவ்வொரு படியிலும், "எனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டானல்லன், "இவ்வழியே போவோர்க்கு எது குறைவாயிருக்கின்றது?" என்றே கண்டான். புது வருவாய் தேடுவோன் கேட்க வேண்டிய முதல் வினா அதுவே.

நம் சங்கத்துச் சகோதரி ஒருவர், கணவர் வேலை இழந்தபின், தம் தெருமுனையில் இட்டிலிக் கடை வைத்தார். இரண்டாம் வாரத்தில், "நீங்கள் எந்தத் தெரு?" என்று வினவினார் ஒருவர். விடை கேட்டபின் அவரும் அவரைச் சார்ந்தோரும் வரவில்லை. கடையில் மாட்டியிருந்த பாபாசாகேபின் படத்தைக் கழற்றிவிடும்படி உறவினர் அறிவுரை கூறினர். சகோதரி வகுப்பில் வந்து கேட்டார்: "படத்தைக் கழற்றினால் வயிறு நிறையும்; மாட்டினால் மனம் நிறையும். எதைச் செய்வது?" எம்மிடம் எளிய விடை இல்லை. பசித்த வீட்டாரிடம் வீரம் பேசுதல் எளிது. பலரும் கலந்து பேசினோம். முடிவில் அவரே வழி கண்டார். ஆயத்த ஆடைத் தொழிற்சாலை வாயிலில் காலை எட்டு மணிக்குள் உள்ளே நுழைய வேண்டிய பெண்கள் நூற்றுக்கணக்கானோர் உண்ணாமலே வருவதை அவர் கண்டிருந்தார். கடையை அவ்விடத்திற்கு மாற்றினார். படமும் உடன் சென்றது. வருவாய் முதல் மூன்று மாதம் போதவில்லை. பின்னர் வாடகைக்கும் அரிசிக்கும் ஆயிற்று. தாகமுள்ள இடத்தில் குடத்தை வைத்தல் என்பது இதுவே.

தெருவில் கடை வைப்போர் 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டத்தை அறிதல் நன்று. மாநகராட்சியில் பதிந்து விற்பனைச் சான்று பெறுக. 2020இல் தொடங்கிய தெருவணிகர் கடன் திட்டத்தில் பிணையின்றி முதற்கடனாக 10,000 ரூபாய் அளிக்கப்பட்டது. 2025இல் அது 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வட்டிக்கடைப் படி ஏறுமுன் வங்கிப் படியை ஏறிப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது: பழுதானதைச் செப்பனிடுதல்

பழுதாவது வீட்டுக் கூரை மட்டுமன்று, தொழிலும் பழுதாகும். ஆனால் ஒரு தொழில் பழுதானால் அதனுள் இருந்த திறம் முழுவதும் பழுதாவதில்லை.

யாம் ஆலையில் பதினைந்தாண்டு தறிகளுக்கு எண்ணெய் விட்டும், தேய்ந்த பற்சக்கரம் மாற்றியும் பிழைத்தோம். 2003ஆம் ஆண்டு ஆலை மூடிற்று. எமக்குத் தெரிந்தது தறி ஒன்றே; ஊரில் தறி இல்லை. ஆறு மாதம், "வேலை தெரியாதவன்" என்று எம்மையே நொந்துகொண்டோம். ஒருநாள் அண்டை வீட்டு அம்மையார், தம் தையல் இயந்திரம் நூலை அறுக்கின்றது என்றார். திறந்து பார்த்தோம். அதிலும் பற்சக்கரம், அதிலும் எண்ணெய்த் துளை, அதிலும் நூலின் இழுப்பு. தறியின் தங்கை போன்றிருந்தது. அன்று பெற்ற கூலி 30 ரூபாய். பின்பு தையல் இயந்திரப் பழுதுபார்க்கும் கடையொன்றில் நான்கு மாதம் கூலியின்றி உடனிருந்து கற்றோம். முப்பத்தைந்து வயதைக் கடந்தபின் இருபது வயதுப் பையனிடம் கற்பது முதலில் வெட்கமாயிருந்தது. இராகுலர் நாள்தோறும் கைநிறைய மணலை அள்ளி, இத்தனை உபதேசம் இன்று பெறுவேனாக என்று விரும்பினார் எனப் பெரியோர் கூறுவர். கற்போர்க்கு வயதில்லை.

எனவே தாளொன்றில் எழுதுக: "நான் செய்த வேலையில் என் கை எவ்வெவற்றை அறியும்?" வேலையின் பெயரை எழுதாதீர், கையின் செயலை எழுதுக. பண்டகக் காவலர், எண்ணவும் அடுக்கவும் பதியவும் அறிவார். சுரங்கத்தில் மின்கம்பி பார்த்தவர் கட்டடத்திலும் பார்ப்பார். தங்கவயல் மூடியபின் அவ்வூரார் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் வந்து, இரவில் வீடு திரும்பித் தம் மக்களைப் படிக்க வைத்தனர். அவ்வண்டியில் வந்தோர் பலர், சுரங்கத் திறத்தை வேறு பெயரில் விற்றவர்களே.

மூன்றாவது: உண்பதிலும் குடிப்பதிலும் அளவு

கோலியர் நாட்டில் தீகஜாணு என்னும் இல்லறத்தார், "நாங்கள் மனைவி மக்களோடு வாழ்வோர், எங்களுக்கு ஏற்ற தம்மத்தைக் கூறுக" என்று பகவனை வேண்டினார். பகவன் நான்கு பேறுகளை எடுத்தோதினார்: ஊக்கமுள்ள முயற்சி, ஈட்டியதைக் காத்தல், நல்லோர் நட்பு, வரவுக்கேற்ற வாழ்வு. தராசு பிடிப்போன் இத்தனை தாழ்ந்தது, இத்தனை உயர்ந்தது என்று அறிவதுபோல், இல்லறத்தான் வரவையும் செலவையும் அறிதல் வேண்டும் என்றார். குளத்திற்கு வரும் வாய்களை அடைத்துப் போகும் வாய்களைத் திறந்துவிட்டால், மழையும் இல்லாதபோது குளம் வற்றும். காமுகம், குடி, சூது, தீயோர் கூட்டு இவை நான்கும் போகும் வாய்கள்.

வேலை இழந்தவன் கையில் மொத்தப் பணம் வரும் நாளே மிகவும் ஆபத்தான நாள். மாதக்கூலி வாங்கியவன் அதுவரை கண்டிராத தொகை அது. எம் ஆலைத் தோழர் ஒருவர் வண்டியோட்டத் தெரியாமலே ஆட்டோ வாங்கினார். ஒருவர் மகள் திருமணத்தில் முழுவதையும் ஊர் மெச்சச் செலவிட்டார். ஒருவர் குடித்தார். இந்நாளிலோ கைப்பேசியினுள்ளேயே சூதாட்டக்களம் புகுந்தது. 2025ஆம் ஆண்டுச் சட்டம் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டைத் தடை செய்தது. எனினும் சட்டத்திற்கு முன்பே நம் சீலம் நம்மைத் தடுத்திருக்க வேண்டும்.

சிகாலருக்குக் கூறிய உபதேசத்தில், வருவாயை நான்காகப் பகுத்து, ஒரு பகுதியை வாழ்வுக்கும், இரண்டு பகுதியைத் தொழிலுக்கும், ஒரு பகுதியை இடர்க்காலத்துக்கும் வைக்கப் பகவன் வழி கூறினார். அரிசிக்கே போதாத கூலியை நான்காகப் பகுக்க இயலாது. அதை யாம் அறிவோம். ஆனால் மொத்தமாக வந்த பணத்தைப் பகுக்கலாம். முதலில் ஆறு மாத உணவுக்கும் வாடகைக்கும் ஒதுக்கி வங்கியில் இடுக. எஞ்சியதில் ஒரு பங்கைக் கொண்டே புதுத்தொழில் தொடங்குக. முழுவதையும் முதல் நாளே இறக்காதீர்.

கடனைப்பற்றி ஒரு கணக்கு. பத்து வட்டிக்கு 20,000 ரூபாய் வாங்கினால் மாதந்தோறும் 2,000 ரூபாய் வட்டி. பத்து மாதத்தில் 20,000 ரூபாய் கட்டியபின்னும் வாங்கிய கடன் அப்படியே நிற்கும். வறுமை கடனைக் கொணரும். கடன் வட்டியையும், வட்டி நெருக்குதலையும், நெருக்குதல் துரத்தலையும், துரத்தல் கட்டுண்ணலையும் கொணரும் என்பது பகவன் காட்டிய வரிசை. கடனின்மையை இல்லறத்தானின் நான்கு இன்பங்களுள் ஒன்றாக அவர் அனாதபிண்டிகருக்கு எண்ணிக் காட்டினார்.

நான்காவது: ஒழுக்கமுடையாரைத் தலைமையில் வைத்தல்

இவ்விடத்தில் மூலபாடம், ஒழுக்கமுள்ள ஆணையேனும் பெண்ணையேனும் தலைமையில் வைக்குமாறு கூறுகின்றது. பெண்ணையும் சேர்த்துச் சொன்னதைக் கவனியுங்கள். எம் அனுபவத்தால் இதை விளக்குவோம்.

ஆலைப்பணம் கைக்கு வந்த வாரத்தில் ஒருவர் எம்மைத் தேடிவந்தார். எம் குடியிருப்பின் முனையிலேயே சாராயக் கடை ஒன்றில் பங்கு தருவதாகக் கூறினார். அக்காலத்தில் கர்நாடகத்தில் சாராயக் கடைக்கு அனுமதி இருந்தது. யாம் போட்ட பணம் எட்டு மாதத்தில் திரும்பும் என்று கணக்குக் காட்டினார், அக்கணக்கில் பிழையில்லை. பகவன் உபாசகர்க்கு விலக்கிய ஐந்து வணிகங்களை யாம் அறிவோம்: ஆயுதம், உயிர், இறைச்சி, மது, நஞ்சு. 1956ஆம் ஆண்டு நாகபுரியில் பாபாசாகேப் அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளுள் மதுவிலக்கும் உண்டென்பதையும் அறிவோம். அறிந்தும் மூன்று இரவு ஊசலாடினோம். "நான் குடிப்பதில்லையே, விற்றால் என்ன?" என்று மனம் வாதிட்டது. பள்ளிக் கட்டணச் சீட்டு சுவரில் தொங்கியது.

நான்காம் நாள் எம் இல்லாளிடம் கூறினோம். அவர் அதிகம் பேசவில்லை. "உங்களோடு வேலை போனவர்கள் எல்லாம் இந்தத் தெருவில்தானே இருக்கிறார்கள்? அவர்கள் வாங்கிய பணமும் அந்தக் கடைக்குத்தானே வரும்? அதை நம் வீட்டில் உட்கார்ந்து எண்ணுவதா?" என்று கேட்டார். எம் வாதம் முழுவதும் அக்கேள்வியில் முடிந்தது. அன்றே பணப்பெட்டிச் சாவியை அவரிடம் கொடுத்தோம். இன்றளவும் கணக்கு அவரிடமே உள்ளது.

2007 ஜூலையில் கர்நாடக அரசு சாராய விற்பனையை ஒழித்தது. கடை வைத்தோர் இரண்டாம் முறை தொழில் இழந்தனர். அதனால் யாம் செய்தது சரியாயிற்று என்று கொள்ளாதீர். கடை இன்றுவரை இலாபத்தில் நடந்திருப்பினும், எம் தோழர் வீட்டு அரிசிப்பணமே அவ்விலாபம். அதுவே அதனை விலக்கக் காரணம்.

இறைச்சிக் கடை பரம்பரையாக வைத்திருக்கும் சகோதரர் சிலர், "எங்களைத் தள்ளிவிடுவீரோ?" என்று கேட்கின்றனர். தள்ளோம். ஒரே நாளில் கடையை மூடிப் பிள்ளைகளைப் பட்டினியிடவும் கூறோம். வேறு வழி கிடைக்கும்போது அவ்வழியில் திரும்பும் எண்ணத்தைக் கைவிடாதிருங்கள் என்றே கூறுவோம். ஐந்து வணிகத்துள் தோல் தைத்தலும், தெருக் கூட்டுதலும், துணி வெளுத்தலும், முடி திருத்தலும் இல்லை என்பதையும் நன்கு நோக்குக. குப்பை வாரிய சுனீதரும் முடிதிருத்தும் உபாலியும் சங்கத்தில் பெரியோராயினர். உயிர்க்குக் கேடு செய்யும் தொழிலையே பகவன் விலக்கினார். எத்தொழிலாளரையும் இழிந்தவர் என்றாரில்லை. ஆயினும் நம் மக்களை அத்தொழில்களிலேயே கட்டிவைப்பது சாதியின் சூழ்ச்சி. ஆகவே வயிற்றுக்காகச் செய்தலும், பிள்ளைகளைக் கல்வியால் அதினின்று விடுவித்தலும் இரண்டும் நம் கடமை.

சங்கத்தின் கடமை

தனியொருவன் முயற்சியே போதும் என்று இப்பாடத்தைக் கொள்ளற்க. கூடதந்த சூத்திரத்தில், நாட்டில் கொள்ளை மலிந்தபோது, தண்டனையால் அது ஒழியாது. உழவர்க்கு விதையும், வணிகர்க்கு முதலும், பணியாளர்க்குக் கூலியும் அரசன் அளிக்கவேண்டும் என்று கூறப்பட்டது. வேலை கேட்பது பிச்சை கேட்பதன்று. ஆட்சியின் கடமையைக் கேட்பதாகும். கூட்டாக நின்று கேட்க வேண்டும்.

நம் சங்கங்களும் மூன்று செய்யலாம். வேலை அறிந்தோர் செய்தியை ஞாயிறுதோறும் விகாரைப் பலகையில் எழுதலாம். பணிக்கொடை, வைப்புநிதி விண்ணப்பங்களை நிரப்பித் தரப் படித்த இளைஞர் இருவரை அமர்த்தலாம். வீட்டுக்கு மாதம் 50 ரூபாயேனும் சேர்த்து வட்டியில்லா இடர்நிதி வைக்கலாம். நல்லோர் நட்பு என்று பகவன் கூறியது வாய்ச்சொல் நட்பையன்று.

அவ்விளைஞர் இன்னும் நிலையான வேலை பெறவில்லை. பணிக்கொடைக்கு விண்ணப்பம் கொடுத்துள்ளார். குளிர்பதனப் பெட்டி பழுதுபார்க்கப் பயில்கின்றார். கண்ணை மூடினால் வாடகை தெரிகின்றதா என்று கேட்டோம். "தெரிகிறது ஐயா, ஆனால் அதன் பக்கத்தில் ஒரு கணக்கும் தெரிகிறது" என்றார். இப்போதைக்கு அது போதும்.

வகுப்பில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. வேலை இழப்பை முன்வினை என்று கூறுதல் பகவன் போதனைக்கு எவ்வாறு மாறுபடுகின்றது?
2. உம் கை அறிந்த செயல்கள் ஐந்தினை எழுதுக. அவற்றை வேறு எத்தொழிலில் பயன்படுத்தலாம்?
3. உம் குடும்பக் குளத்தின் வரும் வாய்கள் எவை? போகும் வாய்கள் எவை?
4. இட்டிலிக் கடைச் சகோதரியின் நிலையில் நீவிர் இருந்தால் என் செய்வீர்? காரணம் கூறுக.
5. உம் சங்கத்தில் இடர்நிதி உண்டோ? இன்றேல் தொடங்கத் தடை யாது?

எல்லா உயிரும் பசியின்றி வாழ்க. எல்லா இல்லமும் கடனின்றி வாழ்க.

நமோ புத்தாய! ஜெய் பீம்!